கேம்பிங் நாற்காலி வாங்கப் போகிறீர்களா? உயரம் முதலில், எடை அப்புறம்

கடையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் எல்லா மடக்கு நாற்காலியும் சுகமாகத்தான் இருக்கும். அரை மணி நேரம் ஆன பிறகுதான் தொடைக்கு அடியில் கம்பி அழுத்துவதும், இடுப்பு பள்ளத்தில் இறங்கி முதுகு கூனிக் கிடப்பதும் தெரியவரும். எழுந்திருக்கும்போது முழங்காலும் தன் பங்குக்கு முனகும்.

கேம்பிங் போனால் தூங்குகிற நேரம் தவிர மிச்ச நேரத்தில் பெரும்பகுதி உட்கார்ந்தபடிதான் கழிகிறது. காய் நறுக்குவது, டீ குடிப்பது, அரட்டை, எதிர்மலையில் மேகம் ஏறுவதை வேடிக்கை பார்ப்பது எல்லாமே நாற்காலியில்தான். ஆனாலும் டென்டுக்காக வாரக்கணக்கில் வீடியோ பார்ப்பவர்கள்கூட நாற்காலியைக் கிளம்புவதற்கு முன்னால் அவசரமாக, படத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். விளம்பரத்தில் எடை பெரிய எழுத்தில் இருக்கும். உட்காரும் உயரம் எங்கோ அடியில் சின்னதாக இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது.

எடை குறைந்த நாற்காலியே நல்ல நாற்காலி என்ற எண்ணம் நாள்கணக்கில் முதுகில் சுமந்து நடக்கிறவர்களிடமிருந்து வந்தது. அவர்களுக்கு அது சரி. ஏலகிரிக்கோ வட்டவடைக்கோ காரில் போய், டென்டிலிருந்து ஐம்பது அடியில் வண்டியை நிறுத்துகிற குடும்பத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

முதல் படி: நாற்காலி எப்படிப் பயணம் செய்யப் போகிறது?

வாங்குவதற்கு முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் பயணங்களில் பெரும்பாலானவை எப்படி நடக்கின்றன என்று யோசியுங்கள். என்றாவது ஒருநாள் போகப்போகிற இமயமலைப் பயணத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

காரில் போகிறீர்கள் என்றால் எடையைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். மூன்று கிலோவோ ஐந்து கிலோவோ, டிக்கிதான் சுமக்கிறது. கவனிக்க வேண்டியது நீளம். பெரும்பாலான நான்கு கால் மடக்கு நாற்காலிகள் பையில் போட்டால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம் வரும். சின்ன காரின் டிக்கியில் அது குறுக்காக நுழையாமல் போகலாம். டேப் எடுத்து டிக்கியின் அகலத்தை ஒருமுறை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். நான்கு பேருக்கு நான்கு நாற்காலி, டென்ட், படுக்கை, அடுப்பு என்று வரும்போது இடம் எவ்வளவு சீக்கிரம் தீரும் என்பது ஏற்றும்போதுதான் தெரியும்.

பைக் என்றால் நிலைமை வேறு. ஒரு மீட்டர் பையைப் பின்சீட்டில் குறுக்காகக் கட்டினால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். கொண்டை ஊசி வளைவில் பஸ் ஒதுங்கும்போது அது நல்லதல்ல. பைக்குக்கு 40 முதல் 60 செ.மீ. நீளத்துக்குள் மடங்குகிற நாற்காலிதான் சரி.

பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்கள் நாற்காலியைத் தனியாகக் கையில் தூக்கப்போகிறார்கள். அரசு பஸ்ஸின் மேல்தட்டில் நீளமான பையை வைக்கலாம், ஆனால் பிரேக் அடித்தால் யார் தலையிலாவது இறங்கும். இரண்டு கிலோவுக்குக் கீழே, முதுகுப்பைக்குள் நுழைகிற அளவில் இருந்தால் நிம்மதி.

கொழுக்குமலை மாதிரி இடங்கள் இன்னொரு வகை. சூரியநெல்லியிலிருந்து மேலே ஏறும் ஜீப் பாதையில் எல்லாச் சாமானும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே வரும். மெல்லிய குழாய் நாற்காலியை டிக்கியின் அடியில் போட்டு அதன்மேல் தண்ணீர் கேனை வைத்தால் குழாய் வளைந்துவிடும். கம்பளிக்கு நடுவே சுருட்டி, மேலே வையுங்கள்.

நடந்தே போய் முகாம் அடிப்பவர்களுக்கு மட்டும்தான் எடை முதல் கேள்வி. அவர்களிலும் பலருக்கு நாற்காலியே வேண்டாம், மடக்குப் பாய் போதும் என்பது என் எண்ணம்.

அப்புறம் ஒன்று. பணம் கட்டித் தங்கும் கேம்ப் சைட்டுகள் பலவற்றில் நாற்காலி அவர்களே தருவார்கள். முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். சாதாரண பிளாஸ்டிக் நாற்காலிதான் என்றாலும் உயரமும் முதுகும் சரியாக இருக்கும். முதல் பயணத்தை அதிலேயே ஓட்டிவிட்டு, என்ன குறை என்று தெரிந்த பிறகு வாங்கினால் பணம் மிச்சம்.

கடையில் என்னென்ன வகை இருக்கும்?

அதிகம் விற்பது குடை போல ஒடுங்கி மடங்கும் நான்கு கால் நாற்காலி. இரும்புக் குழாய், பாலியஸ்டர் துணி, கைப்பக்கத்தில் கப் வைக்க ஒரு பை. எடை இரண்டரை முதல் நான்கு கிலோ. விலை ஆயிரம் ரூபாய்க்கு அருகிலிருந்தே தொடங்குகிறது. பிரிக்கவும் மடக்கவும் அரை நிமிடம் போதும். குறை என்னவென்றால், இதில் துணிதான் உங்களைத் தாங்குகிறது. நாளாக ஆக அது தொய்ந்து, நீங்கள் பள்ளத்துக்குள் போவீர்கள்.

டைரக்டர் சேர் என்று சொல்லப்படுவது தட்டையாக மடங்கும். இருக்கையும் முதுகும் இழுத்துக் கட்டிய துணி, கைப்பிடிகள் கெட்டியானவை. நான்கு கிலோவுக்குக் குறைவாகக் கிடைப்பது கடினம், இடமும் அடைக்கும். ஆனால் வீட்டுப் பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் நான் வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டேன். காரணத்தை உயரம் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

மூன்றாவது, கோர்த்துச் சேர்க்கும் வகை. டென்ட் கம்பி மாதிரி உள்ளே எலாஸ்டிக் கயிறு ஓடும் அலுமினியக் குழாய்கள், நடுவே ஒரு பிளாஸ்டிக் இணைப்பு, அதன் மேல் நான்கு மூலையிலும் மாட்டுகிற துணி. ஹெலினாக்ஸ் என்ற கொரிய நிறுவனத்தின் நாற்காலிகளால் இந்த வடிவம் உலகம் முழுக்கப் பரவியது. அதன் தாய் நிறுவனம் டென்ட் கம்பி செய்கிற நிறுவனம் என்பதால் குழாய் வேலை அவர்களுக்குக் கைவந்த கலை. எடை ஒரு கிலோவை ஒட்டி வரும், மடித்தால் கையடக்கம். இப்போது இதே வடிவத்தில் குறைந்த விலை நகல்கள் ஆன்லைனில் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றில் குழாயும் பிளாஸ்டிக் இணைப்பும் எந்தத் தரம் என்பது கையில் எடுத்துப் பார்க்கும் வரை தெரியாது.

இவை தவிர, சாய்ந்து படுக்கும் நீள நாற்காலிகள் உண்டு. ஏழெட்டு கிலோ கனக்கும். வானம் பார்க்கப் போகிறவர்களுக்கு இது வரம். டிசம்பர் நடுவில் ஜெமினிட் எரிகல் மழையைப் பார்க்க ஜவ்வாது மலைப் பக்கம் போய்ச் சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தால், ஒரு மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். முக்காலி ஸ்டூல் அரைக் கிலோ அளவில் கிடைக்கும். அடுப்பு முன்னால் உட்காரவும், மீன் பிடிக்கவும், ஷூ மாட்டவும் நல்லது. இரவு முழுக்க அரட்டைக்கு உதவாது. கடற்கரை நாற்காலி என்று மிகத் தாழ்வாக ஒரு வகை இருக்கிறது. கால் நீட்டி மணலில் உட்காருவதற்கானது, மலைச்சரிவில் பயனில்லை.

இரண்டாம் படி: முழங்காலை அளந்துகொள்ளுங்கள்

இந்த ஒன்றை மட்டும் செய்தால்கூடப் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

செருப்போடு நேராக உட்கார்ந்துகொண்டு, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 38 முதல் 46 செ.மீ.க்குள் வரும். இந்த அளவுக்கு அருகில் இருக்கும் இருக்கையில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படியும், தொடை கிடைமட்டமாக இருக்கும், எடை பிட்டத்திலும் தொடையிலும் பரவும்.

இருக்கை அதைவிடத் தாழ்ந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே போகும். இடுப்பு எலும்பு பின்னால் சாய்ந்து கீழ்முதுகு வளையும். எடை முழுக்க வால் எலும்புப் பக்கம் இறங்கும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நெளிய வைப்பது இதுதான். இளவட்டங்களுக்குப் பெரிதாகத் தெரியாது, காலை நீட்டிச் சமாளித்துவிடுவார்கள். இருக்கை அதிக உயரமாக இருந்தால் பாதம் தொங்கும். முன்கம்பி தொடையின் அடியை அழுத்திக் கால் மரத்துப்போகும். உயரம் குறைந்த பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் டைரக்டர் சேரில் இந்தத் தொல்லை வரும். காலடியில் ஒரு பையோ கட்டையோ போட்டுக்கொண்டால் போதும்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. துணி நாற்காலிகளில் நிறுவனம் சொல்லும் உயரம் பெரும்பாலும் முன்விளிம்பின் உயரம். நீங்கள் உட்கார்ந்ததும் துணி இறங்கும். முன்விளிம்பு 42 செ.மீ. என்று போட்டிருந்தாலும் உங்கள் இடுப்பு அதைவிட ஐந்தாறு செ.மீ. தாழ்ந்துதான் இருக்கும், மலிவான துணி என்றால் இன்னும் கீழே. அதனால் கடையில் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது கூட வந்தவர் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். முழங்கால் இடுப்புக்கு நேராக இருக்கிறதா, மேலே போகிறதா என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

கோர்த்துச் சேர்க்கும் நாற்காலிகளின் பெரிய குறை இந்த உயரம்தான். பலவற்றில் முன்விளிம்பே 35 செ.மீ. அளவில்தான் இருக்கும். உட்கார்ந்தால் இடுப்பு 30 செ.மீ.க்குக் கீழே போய்விடும். உள்ளே விழுந்து கிடக்கும்போது சுகம்தான், மறுக்கவில்லை. எழுந்திருக்கும்போது பிடிக்க ஒன்றும் இருக்காது. முழங்கால் வலி உள்ளவரை அதில் உட்கார வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருக்கும். பாத்ரூம் போக எழுந்திருக்க வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடும் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

பெரியவர்களுக்குச் சோதனை எளிது. அவர்களையே கடைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்து, யாரும் தொடாமல் எழுந்திருக்கச் சொல்லுங்கள். கைப்பிடியில் ஊன்றி எழுவார்கள். குடை மடிப்பு நாற்காலியின் கைப்பிடி பெரும்பாலும் வெறும் துணிப்பட்டை. ஊன்றினால் அமுங்கும், நாற்காலி ஒருபக்கம் சாயும். டைரக்டர் சேரின் கைப்பிடி அசையாது. அதன் இரண்டு கிலோ கூடுதல் எடைக்கு நீங்கள் பெறுவது இதைத்தான்.

மூன்றாம் படி: அகலம், ஆழம், முதுகு

ஆழம் என்பது முன்விளிம்பிலிருந்து முதுகுத் துணி வரையான தூரம். முதுகு ஒட்டி உட்கார்ந்தால் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் இருக்கை உங்களுக்குப் பெரிது.

அகலம் விஷயத்தில் நம் ஆட்களுக்கு ஒரு தனித் தேவை உண்டு. நாற்காலியிலும் சம்மணம் போட்டு உட்காருவோம். சாப்பிடும்போதாவது ஒரு காலை மடித்துப் போடுவோம். அதற்குக் கைப்பிடிகளுக்கு நடுவே 55 செ.மீ.யாவது வேண்டும். கோர்க்கும் வகையில் இது முடியாது, முயன்றால் கவிழும். புடவை, வேட்டி கட்டிக்கொண்டு உட்காருகிறவர்கள் கால்கள் குறுக்கிடும் மூட்டில் துணி மாட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மடக்கும்போது பிள்ளைகள் விரலும் அந்த இடத்தில்தான் நசுங்கும். குழந்தைகளுக்கு மடக்கிக் காட்டிப் பழக்கிவிட்டால் நல்லது.

முதுகு தோள்பட்டை வரை வந்தால் போதும் என்பவர்களும் உண்டு, தலை சாய்க்க வேண்டும் என்பவர்களும் உண்டு. சமைக்கவும் சாப்பிடவும் குட்டை முதுகே வசதி. உயர்ந்த முதுகு பின்னுக்குச் சாய்ந்திருப்பதால் மேசையில் சாப்பிட முன்னுக்கு வளைய வேண்டியிருக்கும். மேசையும் கொண்டுபோகிறீர்கள் என்றால் இரண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள். தாழ்ந்த நாற்காலிக்கு உயர்ந்த மேசை வாங்கிவிட்டுத் தாடை உயரத்தில் தட்டை வைத்துச் சாப்பிட வேண்டாம்.

கப் வைக்கும் பை, மொபைல் பை, பின்னால் வலைப்பை இவற்றுக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். அந்தக் கப் பை தண்ணீர் பாட்டிலுக்கு ஆனது. சூடான டீ டம்ளரை அதில் வைத்தால் சாய்ந்து தொடையில் கொட்டும்.

நான்காம் படி: குழாயும் மூட்டும்

இரும்பு கனம், மலிவு, எளிதில் வளையாது, துருப்பிடிக்கும். அலுமினியத்தின் எடை, அதே கனஅளவுள்ள இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். துருப்பிடித்து உதிராது, விலை கூடும். கடற்கரைக்கு அடிக்கடி போகிறவர்கள் அலுமினியம் வாங்கலாம். இரும்புதான் என்றால் பெயின்ட் வேலையைப் பாருங்கள். குழாயின் முனைகள், துளை போட்ட இடங்கள், வெல்டிங் ஓரங்கள் இவற்றில்தான் பெயின்ட் முதலில் விட்டுப்போகும், துருவும் அங்கேதான் தொடங்கும்.

நாற்காலி உடைவது பெரும்பாலும் குழாயின் நடுவில் அல்ல, மூட்டில். ரிவெட் அடித்த இடத்தைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கோர்க்கும் வகையில் பிளாஸ்டிக் இணைப்பில் விரிசலோ வெளுத்த கோடோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொரு பலவீனமான இடம், துணியின் மூலையில் குழாய் நுழையும் பை. முழு எடையும் அந்த நான்கு மூலையில்தான் தொங்குகிறது. அங்கே இரட்டைத் துணியும் நெருக்கமான குறுக்குத் தையலும் இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

மூட்டு கொஞ்சம் லூசாக இருந்தால் தரமில்லை என்று நினைக்க வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ் இந்திய ராணுவ அதிகாரிகள் முகாம்களுக்குக் கொண்டுபோன ரூர்க்கி நாற்காலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ராணுவப் பொறியாளர்கள் இருந்த ரூர்க்கி ஊரின் பெயர்தான் அதற்கு. பசை கிடையாது, ஆணி அடிப்பதும் கிடையாது. மரக்கால்களில் குறுக்குச் சட்டங்களைச் செருகி, கேன்வாஸும் பட்டையும் போட்டு இறுக்குவார்கள். உட்காருகிறவரின் எடையே சட்டத்தை இறுக்கிப் பிடிக்கும். தரை மேடுபள்ளமாக இருந்தாலும் ஒவ்வொரு காலும் தனித்தனியே வளைந்துகொடுத்து நான்கும் தரையைத் தொடும். டென்மார்க் வடிவமைப்பாளர் கோரெ கிளின்ட் 1933இல் செய்த சஃபாரி நாற்காலிக்கு இதுதான் மூலம். இன்றைய குடை மடிப்பு நாற்காலியும் ஓரளவு இப்படி வளைந்துகொடுக்கும், அதனால் மலைச்சரிவில் தாக்குப்பிடிக்கும். டைரக்டர் சேரின் சட்டம் விறைப்பானது. சமதளம் தேடித்தான் போட வேண்டும், இல்லையென்றால் மூன்று காலில் ஆடும்.

ஐந்தாம் படி: துணி

விவரக்குறிப்பில் 600 டெனியர் என்று போட்டிருக்கும். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். எண் கூடினால் நூல் தடிமன் கூடும். நான்கு கால் நாற்காலிக்கு 600 டெனியர் பாலியஸ்டர் போதுமானது. 300 என்று இருந்தால் மெல்லியது. எண் ஒன்றே எல்லாம் சொல்லிவிடாது, நெசவு நெருக்கமும் பார்க்க வேண்டும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நெசவு தெரியும்.

நைலான் ஈரமானால் கொஞ்சம் நீளும், பாலியஸ்டர் அவ்வளவாக நீளாது. பனியும் தூறலும் உள்ள இடங்களுக்குப் பாலியஸ்டர் நல்லது. வலைத்துணி போட்ட நாற்காலி மாமல்லபுரம், புதுச்சேரிப் பக்கக் கடற்கரைப் புழுக்கத்தில் முதுகு வியர்க்காமல் காப்பாற்றும். அதே நாற்காலியை ஜனவரியில் ஊட்டிக்கோ மன்னவனூருக்கோ கொண்டுபோனால் காற்று முதுகு வழியாக நுழையும். மலையில் எந்தத் துணி நாற்காலியானாலும் அடியில் குளிர் ஏறத்தான் செய்யும். தூங்கும் பாயையோ மடித்த கம்பளியையோ இருக்கையில் போட்டு உட்காருங்கள். பலரும் குளிருக்கு ஜாக்கெட் மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, அடியில் ஒன்றும் போடாமல் நடுங்குவார்கள்.

தீ மூட்டுகிற இடம் என்றால் பருத்தி கேன்வாஸ் பொறிக்குத் தாங்கும், கருகுமே தவிர உருகாது. பாலியஸ்டரிலும் நைலானிலும் ஒரு பொறி விழுந்தாலே ஓட்டை. ஈர விறகும் மூங்கிலும் வெடித்துப் பொறி தெறிக்கும், குறிப்பாக மூங்கிலில் கணுக்களுக்கு நடுவே அடைபட்ட காற்று சூடாகி வெடிக்கும். காற்று வருகிற பக்கம் முதுகைக் காட்டி, தீயிலிருந்து தள்ளியே போடுங்கள். காட்டுக்குள் தீ மூட்ட அனுமதி இல்லாத இடங்களில் இந்தப் பேச்சே வேண்டாம்.

ஆறாம் படி: எத்தனை கிலோ தாங்கும்?

சாதாரண மடக்கு நாற்காலிகளில் 100, 110, 120 கிலோ என்று எழுதியிருப்பார்கள். அது மெதுவாக உட்கார்ந்து அசையாமல் இருக்கும்போதுள்ள எடைக்கான கணக்கு. தொப்பென்று விழுந்து உட்கார்ந்தால் அந்த நொடியில் நாற்காலி வாங்கும் விசை உங்கள் எடையைவிட மிக அதிகமாகும். மடியில் குழந்தையும் ஏறும். உங்கள் எடையோடு 30 கிலோவாவது சேர்த்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். தாங்கும் எடையே எழுதாத நாற்காலியைத் தொடவே வேண்டாம்.

ஏழாம் படி: கடையில் சோதனை

டெகத்லான் போன்ற பெரிய கடைகளில் நாற்காலிகளைப் பிரித்தே வைத்திருப்பார்கள். உட்கார்ந்து பாருங்கள், இரண்டு நிமிடம் அல்ல, கால் மணி நேரமாவது. யாரும் எழுப்ப மாட்டார்கள். போனில் ஏதாவது படியுங்கள், அப்போதுதான் உடம்பு தன் இயல்பில் உட்காரும். தொடையின் அடியில் கம்பி தெரிகிறதா, தோளில் குறுக்குக்குழாய் இடிக்கிறதா, கை தானாகக் கைப்பிடியில் விழுகிறதா என்று கவனியுங்கள். பிறகு நீங்களே மடித்து நீங்களே பையில் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் மடித்தால் எல்லாம் எளிதாகத்தான் தெரியும். பை அளவெடுத்துத் தைத்த மாதிரி இறுக்கமாக இருந்தால், காலையில் பனியில் நனைந்த நாற்காலியை அதற்குள் திணிக்க முடியாது.

ஆன்லைனில்தான் வாங்க வேண்டும் என்றால் திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வந்த அன்றே வீட்டுக்குள் போட்டு ஒரு படம் முழுக்க அதில் உட்கார்ந்து பாருங்கள். அட்டையும் கவரும் பத்திரமாக இருக்கட்டும். குறைந்த நட்சத்திரம் கொடுத்தவர்கள் போட்ட புகைப்படங்களைப் பாருங்கள், எந்த இடத்தில் உடைகிறது என்பது அதில்தான் தெரியும்.

குடும்பத்துக்கு நான்கு நாற்காலியும் ஒரே மாதிரி வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெரியவர்களுக்கு ஒரு டைரக்டர் சேர், மற்றவர்களுக்குக் குடை மடிப்பு, சமையலுக்கு ஒரு முக்காலி என்று கலந்து வாங்கினால் செலவும் குறையும்.

இடத்தில் போடும்போது

80 கிலோ ஆள் நின்றால் அந்த எடை இரண்டு பாதங்களில் பரவுகிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் அதே எடை நான்கு சின்னக் கால் முனைகளில் இறங்கும். முனை 2.5 செ.மீ. விட்டம் என்றால் நான்கும் சேர்ந்தே 20 சதுர செ.மீ.தான், அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு நான்கு கிலோ. மணலிலும் மழை பெய்த மண்ணிலும் அது புதைவதில் ஆச்சரியமில்லை. பின்கால்கள்தான் முதலில் புதையும், நாற்காலி மல்லாக்கச் சாயும். கோர்க்கும் வகைக்கு முனை இன்னும் சிறியது. மணலில் நாற்காலிக் கால்களுக்கு அடியில் போடும் விரிப்பு தனியாக விற்கிறது. இல்லையென்றால் பழைய டென்னிஸ் பந்துகளில் கீறல் போட்டுக் காலில் மாட்டினால் வேலை முடிந்தது. சேற்றிலிருந்து நாற்காலியைப் பிடுங்கும்போது ரப்பர் முனை உள்ளேயே நின்றுவிடும். கிளம்பும் முன் நான்கும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

சரிவில் போட நேர்ந்தால் பள்ளத்தைப் பார்த்து உட்காருங்கள். மேட்டைப் பார்த்து உட்கார்ந்தால் எடை பின்னால் போய்ச் சாயும். பக்கவாட்டுச் சரிவு எதற்கும் ஆகாது. முதலில் உள்ளங்கையால் இருக்கையை அழுத்தி, நான்கு காலும் ஊன்றியதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.

காலி நாற்காலியைக் காற்று தூக்கிவிடும். ஒரு கிலோ நாற்காலி தீக்குள்ளேயே போய் விழலாம். எழுந்து போகும்போது படுக்கப் போட்டுவிடுங்கள், அல்லது அதன் பையில் கல்லைப் போட்டுத் தொங்கவிடுங்கள். இரவு தூங்கப் போகும் முன் டென்டின் முன்கூரைக்குக் கீழே கவிழ்த்து வைத்தால் காலையில் இருக்கை நனைந்திருக்காது. காலையில் நிமிர்த்தும்போது உதறிவிட்டே உட்காருங்கள், தேளும் பூரானும் மடிப்புகளில் ஒளியும். வால்பாறை மாதிரி மழைக்காட்டுப் பக்கம் என்றால் அட்டை கால் வழியாக ஏறும். உப்பு ஒரு பொட்டலம் கையில் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும்

ஈரத்தோடு பையில் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். துணி பூசணம் பிடிக்கும், இரும்பு துருப்பிடிக்கும். நிழலில் காயவிடுங்கள். நாள் முழுக்க வெயிலில் கிடந்தால் நூல் நைந்துபோகும், மொட்டைமாடியிலேயே போட்டுவைத்த நாற்காலி ஒருநாள் உட்கார்ந்ததும் கிழிவது அதனால்தான். கடற்கரைக்குப் போய் வந்தால் குழாய் மூட்டுகளை நல்ல தண்ணீரில் கழுவி, மணலைப் போக்கிக் காயவையுங்கள். கோர்க்கும் குழாய்களில் மணல் இருந்தால் அடுத்த முறை ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்ளும்.

மூலைத் தையல் விட்டால் நாற்காலியைத் தூக்கிப் போட வேண்டாம். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் தடித்த நைலான் நூலில் தைத்துத் தருவார், முதலில் இருந்ததைவிடக் கெட்டியாகவே இருக்கும். எலாஸ்டிக் கயிறு தொய்ந்தால் அதே தடிமனில் புதிது வாங்கிக் கோர்த்துக்கொள்ளலாம். மெல்லிய அலுமினியக் குழாய் வளைந்துவிட்டால் மட்டும் நிமிர்த்திப் பயன்படுத்தாதீர்கள். நிமிர்த்திய இடத்திலேயே அடுத்த முறை ஒடியும். அந்த ஒரு குழாயை மாற்றக் கிடைத்தால் மாற்றுங்கள், கிடைக்காவிட்டால் நாற்காலியை மாற்றுங்கள்.